ஷெனாய் அழுகிறதா, சிரிக்கிறதா?



அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கிக் கொண்டிருக்கிறீர்கள். முன்னறையில் தொலைக்காட்சி ஓடிக் கொண்டிருக்கிறது. படத்தை நீங்கள் பார்க்கவில்லை. வசனமும் காதில் விழவில்லை. திடீரென்று ஷெனாய் ஒன்று இழுத்து இழுத்து ஒலிக்கிறது. உடனே, நின்ற இடத்திலிருந்தே மகளிடம் கேட்கிறீர்கள்: "யாரம்மா மௌத்து?"

உங்களுக்கு யார் சொன்னது? அந்த வாத்தியம் ஒரு வார்த்தையும் பேசவில்லையே! ஆனாலும் ஒரு மையித்தும் அதைச் சுற்றி அழும் பெண்களும் உங்கள் கண்முன்னே வந்துவிட்டார்கள். வெங்காயம் வரவழைத்த கண்ணீரோடு வேறொரு கண்ணீரும் சேர்ந்துகொண்டது.

இதே ஷெனாயைக் காசியிலோ லக்னோவிலோ ஒரு தாய் கேட்டால் அவள் முகம் மலரும். "எந்த வீட்டில் கல்யாணம்?" என்று கேட்பாள். வட இந்தியாவில் மணவீட்டு வாசலில் ஊதும் மங்கல வாத்தியம் அது. தமிழ்ப் படங்களிலோ பல பத்தாண்டுகளாக அதற்கு ஒரே வேலைதான்: சாவு, பிரிவு, தாயை இழந்த பிள்ளை! வாத்தியம் ஒன்று, காற்றும் ஒன்று. ஓர் ஊரில் சிரிக்கிறது, இன்னோர் ஊரில் அழுகிறது. அப்படியானால் அழுகை வாத்தியத்துக்குள் இருக்கிறதா, நமக்குள் இருக்கிறதா?

இந்தக் கேள்வியைச் சற்று விரித்துப் பார்ப்போம். பதில் நாம் நினைப்பதுபோல அவ்வளவு நேரானது அல்ல.

நெடுங்கேணிச் சந்தியில்...

புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் வீதியில் இருக்கிறது நெடுங்கேணி. குளமும் வயலும் காடும் சூழ்ந்த வன்னிக் கிராமம். வைகாசி மாதத்தில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் சனம் இந்த வழியாலும் போகும். திருவிழாக் காலத்தில் விடியற்காலையிலேயே கோயில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கேட்கத் தொடங்கிவிடும். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலும் வடபுலத்தார் காதில் ஊறிப்போனவை. அந்தச் சந்தியால் பஸ்ஸில் போகும் முஸ்லிம் பெண்ணுக்கு ராகத்தின் பெயர் தெரிந்திருக்காது. ஆனாலும் அது நல்ல காரியத்துக்கு ஊதுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வராது. பறைமேளம் ஒரு விதமாகக் கேட்டால், இன்றைக்கு யாரோ போய்விட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். இதை யாரும் அவளுக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்திலும் பக்கத்து வீட்டுச் சாவிலும் கேட்டுக் கேட்டு, சிறு வயதிலேயே மனதில் படிந்துவிட்டது.

நாதஸ்வரமும் ஷெனாயும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டும் மரக்குழல்கள், இரண்டிலும் நாணல் போன்ற தட்டையில் செய்த ஊதுவாய் உண்டு. நாதஸ்வரக்காரர் அதைச் சீவாளி என்பார். நாதஸ்வரம் இரண்டரை அடிக்கு மேல் நீளமானது. ஆச்சா மரத்தில் கடைவது. ஊர் முழுக்கக் கேட்கும். ஷெனாய் சிறியது, மெல்லிய குரல் உடையது. தமிழ் மண்ணில் கல்யாண வீட்டை நாதஸ்வரம் முன்பே பிடித்துவிட்டது. வடக்கிலிருந்து வந்த தம்பிக்குப் படங்களில் மிச்சம் இருந்தது சாவு வீடுதான் போலும்! இது என் எண்ணம். இசையமைப்பாளர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும்.

ஷெனாய் என்றால் உஸ்தாத் பிஸ்மில்லாஹ் கான். பீகார் மாநிலத்து டும்ராவ்னில் 1916இல் பிறந்து, காசியிலேயே வாழ்ந்து, 2006 ஓகஸ்டில் அங்கேயே காலமானவர். 1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது டில்லி செங்கோட்டையில் ஒலித்தது அவருடைய ஷெனாய். 1959இல் வந்த 'கூஞ்ஜ் உட்டீ ஷெஹ்னாயீ' என்ற இந்திப் படத்தின் கதையே ஒரு ஷெனாய்க் கலைஞனைப் பற்றியதுதான். அதில் ஊதியவர் இவரே. 2001இல் பாரத ரத்னா விருதும் கிடைத்தது.

ஆனால், சகோதரிகளே, நான் சொல்ல வந்தது விருதை அல்ல. அவர் ஷியாப் பிரிவைச் சேர்ந்தவர். ஆண்டுதோறும் முஹர்ரம் எட்டாம் நாள் அதே ஷெனாயை ஏந்தி, காசித் தெருக்களில் கால்நடையாக நடந்து, கர்பலா நினைவில் சோக இசை ஊதிக்கொண்டு போவார். கண்ணீர் வழியும். ஊதுவதை நிறுத்தமாட்டார். கல்யாண வீட்டில் மணமகளை வரவேற்ற அதே குழல், அதே உதடு! வாத்தியத்துக்குள் மங்கலமும் இல்லை, அமங்கலமும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அவரை அடக்கியபோது ஒரு ஷெனாயையும் கூடவே வைத்து அடக்கினார்கள்.

அப்படியென்றால் எல்லாம் பழக்கம்தானா?

இல்லை. இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

நாம் துக்கத்தில் பேசும்போது குரல் எப்படி இருக்கிறது? தாழ்ந்து, மெதுவாக, நடுநடுவே உடைந்து, கீழ்நோக்கிச் சரிந்து வருகிறது. மகிழ்ச்சியில் பேசும்போது? குரல் உயர்கிறது, வேகம் கூடுகிறது, துள்ளுகிறது. கோபத்தில் வெட்டி வெட்டி விழுகிறது. இசை செய்வது பெரும்பாலும் இந்தக் குரலைத்தான். ஒரு ராகத்தில் ஸ்வரத்தை அப்படியே நிறுத்தாமல் அசைத்து, வழுக்கி, நடுங்க வைத்துப் பாடுவதைக் கமகம் என்கிறார்கள். விம்மும்போது நம் தொண்டை நடுங்குகிறதே, அதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

1999இல் கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். ஹிந்துஸ்தானி ராகங்களை ஒருபோதும் கேட்டறியாத மேற்கத்தியர் 30 பேரை உட்கார வைத்து, மகிழ்ச்சி, சோகம், கோபம், அமைதி என்று தனித்தனி உணர்வுக்காக இசைக்கப்பட்ட ராகத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சியையும் சோகத்தையும் கோபத்தையும் அவர்கள் சரியாகவே இனம் கண்டுகொண்டார்கள். அமைதியில்தான் தடுமாறினார்கள். மொழி தெரியாது, ராகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் சோகம் தெரிந்துவிட்டது! வேகமும் சுரங்களின் நெளிவுசுளிவும்தான் அவர்களுக்கு வழிகாட்டின என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

பத்து வருடம் கழித்து, 2009இல், இதைத் திருப்பிப் போட்டது ஒரு ஜெர்மானியக் குழு. ஆபிரிக்காவின் கமரூன் நாட்டு மலைகளில் மஃபா என்றொரு இனத்தார் வாழ்கிறார்கள். மேற்கத்திய இசையைக் கேட்டே இராத மனிதர்களை அங்கே தேடிப் பிடித்து, அந்த இசையைக் கேட்க வைத்தார்கள். இது மகிழ்ச்சி, இது சோகம், இது பயம் என்று அவர்களும் பெரும்பாலும் சரியாகவே பிரித்துச் சொன்னார்கள்.

தாலாட்டை எடுத்துக் கொள்ளுங்கள். உங்களுக்குத் தாலாட்டுப் பாட யார் சொல்லித் தந்தார்கள்? உம்மா பாடக் கேட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் எந்தத் தாயும் தாலாட்டை வேகமாகப் பாடுவதில்லை, உரக்கப் பாடுவதில்லை. 2018இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் உலகின் 86 சமுதாயங்களின் பாட்டுகளிலிருந்து 14 விநாடித் துண்டுகளை எடுத்து, 60 நாட்டு மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எது தாலாட்டு, எது ஆடுவதற்கான பாட்டு என்பதை முன்பின் கேளாதவர்களும் கண்டுகொண்டார்கள். 2020இல் இன்னொரு படி மேலே போனார்கள். அமெரிக்கக் கைக்குழந்தைகளுக்கு வேற்று நாட்டு, வேற்று மொழித் தாலாட்டுகளைக் கேட்க வைத்தார்கள். மற்றப் பாட்டுகளைக் கேட்டபோது இருந்ததைவிடத் தாலாட்டுக்குக் குழந்தைகளின் இதயத் துடிப்பு இறங்கி, உடல் தளர்ந்தது. நம் பாட்டிமார் தொட்டிலை ஆட்டும் வேகத்திலேயே 'ஆராரோ'வை இழுத்ததில் எத்தனை அறிவு!

ஆகவே இரண்டு கையாலும் தட்டினால்தான் ஓசை. ஒரு கை, படைக்கப்பட்ட நாளிலிருந்தே நம் குரலில் இருப்பது. மற்றக் கை, நாம் வளர்ந்த ஊர் தருவது. முகாரியைப் பாருங்கள். யாராவது சலித்துக் கொண்டால் "முகாரி பாடாதே" என்கிறோம். முகாரி என்றாலே ஒப்பாரி என்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நினைப்பு. ஆனால் தியாகராஜர் சபரி என்ற மூதாட்டிக்குக் கிடைத்த பேற்றை வியந்து பாடிய கீர்த்தனை முகாரியில்தான் இருக்கிறது. அதில் சோகத்தின் நிழலும் இல்லை. உண்மையில் படக்காரர்கள் நம்மை அழவைக்கப் பெரிதும் நாடுவது சுபபந்துவராளியையும் சிவரஞ்சனியையும்தான். பழி மட்டும் பாவம் முகாரி மேல்!

ஒப்பாரி என்றதும் நினைவுக்கு வருகிறது. வன்னி மண்ணுக்கு அது அந்நியமல்ல. ஆண்கள் அடக்க முடியாத யானையை அடக்கியவள் என்று வன்னி மக்கள் போற்றும் அரியாத்தையின் பேரில் ஓர் ஒப்பாரியே வழங்கி வருகிறது. அரிவி வெட்டுக்கும் பாட்டு, இறப்புக்கும் பாட்டு. வெட்டும்போது பாடுவது கையின் வேகத்தில் போகும். ஒப்பாரி மூச்சின் வேகத்தில் போகும்: மூச்சு முடியும் இடத்தில் விம்மல், பிறகு அடுத்த வரி.

கஸ்ஸாலி இமாம் சொன்னது

"இசை என்றால் நமக்கு ஆகுமா?" என்று சில சகோதரிகள் இந்த இடத்தில் கேட்பது எனக்குக் கேட்கிறது. வாத்தியங்கள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்து வைக்கும் இடம் இந்தப் பக்கம் அல்ல. ஓசை மனித மனதை எப்படி அசைக்கிறது என்பதை நம் முன்னோர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில், செவியேற்பதைப் பற்றியே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். தொட்டிலில் அழும் குழந்தை இனிய குரலுக்கு அடங்குவதையும், பாரம் சுமந்த ஒட்டகம் ஓட்டுபவனின் பாட்டில் தன் களைப்பை மறந்து நடப்பதையும் அதில் எடுத்துக் காட்டுகிறார். அவர் கருத்தின் சாரம், இசை உள்ளத்துக்குள் புதிதாக எதையும் கொண்டுவந்து வைப்பதில்லை, ஏற்கெனவே அங்கே இருப்பதைத்தான் கிளறி எழுப்புகிறது என்பது. அடுப்படியில் ஷெனாய் கேட்டுக் கண் கலங்கினீர்களே, அப்போது நினைவில் வந்தது படத்தில் செத்தவரா, உங்கள் வாப்பாவா?

ஒட்டகப் பாட்டு என்றதும் அன்ஜஷா (ரலி) நினைவுக்கு வருகிறார். பயணம் ஒன்றில் அவர் பாடிய பாட்டில் ஒட்டகங்கள் விரைந்து ஓடின. அவற்றின் மீது பெண்கள் இருந்தார்கள். கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றியிருக்கிறாய், மெதுவாகப் போ என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் சொன்னார்கள். பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்கள் என்ற அந்த நயம் ஹதீஸ் நூல்களில் பதிவாகி, இன்றும் நம் நெஞ்சைத் தொடுகிறது.

இன்னொன்று. அரபுலகில் ராகத்துக்கு மகாம் என்று பெயர். கிராஅத் ஓதுவதை யாரும் பாட்டு என்று சொல்வதில்லை. ஆனாலும் பெரிய காரிகள் எந்த மகாமில் ஓதுவது என்பதை நன்கு அறிந்தே ஓதுகிறார்கள். ஸபா மகாம் சோகத்துக்கும் உருக்கத்துக்கும் பேர்போனது. துருக்கியில் பஜ்ர் பாங்கை அதில்தான் ஒலிக்கும் மரபு. மஃரிபுக்கு வேறு மகாம். காலைக்குப் பூபாளம், இரவுக்கு நீலாம்பரி என்று தமிழர் நேரம் பிரித்தது போலத்தான். ஹிஜாஸ் மகாமின் ஒரு வடிவத்தைப் பிரித்துப் பார்த்தால் கர்நாடக இசையில் வகுளாபரணம் என்ற ராகத்தின் அதே ஸ்வரங்கள் கிடைக்கின்றன. ஸ்வரம் ஒன்று, ஆனால் பாலைவனத்தில் பிறந்தவனுக்கு ஒரு காட்சி, காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு வேறு காட்சி.

மருந்தாகவும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிய மருத்துவமனை 1488இல் முடிந்தது. அங்கே மனநோயாளிகளுக்காகப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வாரத்தில் மூன்று நாள் இசைத்தார்கள் என்று பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதி வைத்திருக்கிறார். மனம் பேதலித்தவர்களை ஐரோப்பா சங்கிலியில் கட்டி வைத்திருந்த காலம் அது! அந்தக் கட்டடம் இன்று மருத்துவ அருங்காட்சியகமாக இருக்கிறது.

கேட்டதைக் கண்ணால் கண்டவர்கள்

ராகத்தைக் கேட்கும்போது ஏன் காட்சி தோன்றுகிறது? மழை, பாலைவனம், பழைய வீட்டு முற்றம்... ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. வட இந்தியாவிலும் தக்காணத்திலும் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இதை ஒரு ஓவியக் கலையாகவே வளர்த்தார்கள். ராகமாலா என்பது அதன் பெயர். தோடி என்றால் காட்டில் வீணையோடு நிற்கும் பெண், அவளைச் சுற்றி மயங்கி நிற்கும் மான்கள். மேகம் என்ற ராகத்துக்குக் கருமுகிலும் மழையும். பீஜப்பூரை 1580 முதல் 1627 வரை ஆண்ட சுல்தான் இரண்டாம் இப்ராஹீம் ஆதில் ஷா, ராகம் ராகமாகப் பாட்டெழுதி 'கிதாபே நவ்ரஸ்' என்ற நூலே செய்தார். ஒன்பது சுவைகளின் நூல் என்று பெயர் வைத்த அந்த முஸ்லிம் அரசர் ஆதரித்த ஓவியர்கள் இன்றும் பேசப்படுகிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு கதை. எட்டயபுரம் வறட்சியில் வாடியபோது முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாட, மழை கொட்டியதாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். மழை வந்ததோ இல்லையோ, கேட்டவர்கள் மனதில் அந்த ராகம் மழையாகிவிட்டது! 1988இல் 'அக்னி நட்சத்திரம்' படத்துக்கு இசையமைத்த இளையராஜா அதே ராகத்தில் ஒரு பாட்டை அமைத்தார்.

இந்த மனக்காட்சியின் வலிமை வன்னி மக்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியுமோ என்னவோ! 1990களில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது. படம் போட ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு எண்ணெய் வேண்டும், இரண்டும் எட்டாக்கனி. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த கரண்டில் றேடியோ கேட்டார்கள். ஒருவர் சுற்ற, நாலு பேர் கேட்பார்கள். கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும் தந்த படப் பாட்டுகள் அத்தனையும் அவர்களுக்கு மனப்பாடம். படத்தை மட்டும் பார்த்ததில்லை! நாயகி எப்படி இருப்பாள், எந்த ஆற்றங்கரையில் நிற்பாள் என்பதை அவரவரே தீட்டிக் கொண்டார்கள். ஆறு என்றால் பேராறு, மலை என்றால் எங்கோ கேள்விப்பட்ட மலை. பல வருடம் கழித்து அந்தப் படங்களைக் கண்ணால் பார்த்தபோது "இவ்வளவுதானா?" என்று தோன்றியது என்று சொல்லாத வன்னிக்காரர் குறைவு.

அழுகைக்குப் பதில் வந்த இசை

படம் எடுப்பவர்களில் நல்லவர்கள் இதை அறிந்தவர்கள். 1955இல் சத்யஜித் ராய் எடுத்த 'பதேர் பாஞ்சாலி'யில் ஒரு காட்சி. வெளியூர் போயிருந்த தகப்பன் நீண்ட நாள் கழித்து வீடு திரும்புகிறான். வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக மனைவியிடம் காட்டுகிறான். மகளுக்கு என்று ஒரு சேலையை எடுத்து நீட்டுகிறான். மகள் காய்ச்சலில் இறந்துபோனது அவனுக்குத் தெரியாது. அதுவரை கல்லாக இருந்த தாய் அந்தச் சேலையை வாயில் வைத்து அழுத்திக் கொண்டு கதறுகிறாள். ஆனால் அவள் கதறல் நமக்குக் கேட்பதில்லை! அந்த இடத்தில் குரலை எடுத்துவிட்டு, தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியத்தின் உச்ச ஒலியை வைத்தார் ராய். இசை ரவிசங்கர். வாய் திறந்திருக்கிறது, அழுவது வாத்தியம். ஒரு நடிகையின் அழுகையைக் கேட்டிருந்தால் அது அந்தப் பெண்ணின் அழுகையாக மட்டும் இருந்திருக்கும். வாத்தியம் அழுததால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒவ்வொருத்தியும் அதில் தன் குரலைக் கேட்கிறாள். என் கருத்தில் இந்தியப் படங்களில் இதற்கு இணையான இடம் இன்னொன்று இல்லை.

நௌஷாத் அலியை மறக்க முடியுமா? 1952இல் 'பைஜு பாவ்ரா'வுக்கு ராகங்களை வைத்தே பாட்டுகளை அமைத்தார். அதில் மால்கௌன்ஸ் ராகத்தில் வரும் பக்திப் பாட்டு மிகப் புகழ் பெற்றது. எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசை நௌஷாத், பாடியவர் முகம்மது ரபி. மூவரும் முஸ்லிம்கள், பாட்டோ இந்துக் கோயிலுக்கு உரியது. 1960இல் வந்த 'முகலே ஆஸம்' படத்தில் தான்ஸேனுக்காகப் பாட உஸ்தாத் படே குலாம் அலி கானை அழைத்தார்கள். படத்துக்குப் பாட மனமில்லாத அவர், தவிர்ப்பதற்காகவே ஒரு பாட்டுக்கு 25,000 ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் கே. ஆசிஃப் உடனே சம்மதித்துவிட்டார்! அவர் பாடும் இடத்தில் இளவரசனும் அனார்கலியும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச வேண்டியதை எல்லாம் தூரத்தில் ஒலிக்கும் ராகம் பேசி முடித்துவிடுகிறது. இந்தப் படம் 'அக்பர்' என்று தமிழும் பேசியது. உங்கள் உம்மம்மாவைக் கேட்டால் தெரியும்.

தமிழில் 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி நாதஸ்வரம் ஊதுவதாகவே நம்பியவர்கள் எத்தனை பேர்! ஊதியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கன்னம் உப்புவதும் நரம்பு புடைப்பதும் நடிகரின் உழைப்பு. காதில் விழுவது அவர்களின் மூச்சு.

வீட்டுக்குள்ளே

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நாள்தோறும் மாலையில் தொடர் நாடகம் பார்க்கிறோம் அல்லவா? மாமியார் கதவைத் திறக்கும் ஒரு சாதாரணக் காட்சி. 'டம்' என்று ஓர் அடி, நெஞ்சு திக்கென்கிறது. ஒரு நாள் அந்த நேரம் பார்த்து ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். ஒரு பெண் கதவைத் திறக்கிறாள், அவ்வளவுதான்! சிரிப்புத்தான் வரும். பிறகு சிறு பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக் காட்டுங்கள். இரவில் பயந்து எழும் பிள்ளைக்கு, உன்னைப் பயமுறுத்தியது அந்த மேளம்தான் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொரு விஷயத்தைத் தயங்கித்தான் எழுதுகிறேன். போர்க் காலத்தில் வன்னியில் இறந்தவர்களை எடுத்துச் செல்லும் வாகனங்களின் ஒலிபெருக்கியில் சோக இசை முன்னே வரும், பெயர் பின்னே வரும். 1997 மே மாதம் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோது நெடுங்கேணிச் சனம் ஊரை விட்டு ஓடியது. அதற்குப் பிறகு 2009 வரை எத்தனை ஓட்டம்! அந்த இசை கேட்ட நாள்களில், அடுத்து வரும் பெயர் தன் பிள்ளையுடையதா என்று மூச்சைப் பிடித்துக் கொண்டு நின்ற தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். அதே சாயலில் ஏதோ ஒரு விளம்பரத்தில் நாலு ஸ்வரம் ஒலித்தாலும் அவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். காரணம் அவர்களுக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். நம்மிலும் உண்டு. 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் வீட்டைப் பூட்டிய கையோடு புத்தளம் போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு, நாகூர் ஹனிபாவின் ஒரு பாட்டு கேட்டால் பழைய வீட்டு வாசலும் முஸ்லிம் சேவை ஒலித்த றேடியோவும் கண்முன் நிற்கின்றன! மகிழ்ந்து கேட்கத் தொடங்கியவர் பாதியில் முகத்தை மூடிக் கொள்கிறார். மாமியோ, பக்கத்து வீட்டு அக்காவோ அப்படி எழுந்து போனால் "என்ன, என்ன?" என்று பின்னால் போகாதீர்கள். சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சீவாளியைப் பிடித்த பெண்

கடைசியாக ஒரு குடும்பம். ஆந்திரத்தின் கரவதி என்ற ஊரில் 1924இல் பிறந்தவர் ஷேக் சின்ன மௌலானா. நாதஸ்வரமே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட முஸ்லிம் குடும்பம். தஞ்சைப் பாணி வாசிப்பில் மனம் பறிகொடுத்து, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு பிள்ளை சகோதரர்களிடம் பயின்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். கோயில் கோபுரத்தின் நிழலில் வாழ்ந்த அவர் தம் மார்க்கத்தையும் விடவில்லை, குழலையும் விடவில்லை. 1998இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. அடுத்த ஆண்டே காலமானார்.

அவரிடம் பயின்றவர்களில் ஒரு கணவனும் மனைவியும் உண்டு: ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபி மஹபூப். நாதஸ்வரம் ஆண்கள் வாத்தியம் என்றே பேர்பெற்றது. கன்னமும் நெஞ்சும் வயிறும் சேர்ந்து உழைத்தால்தான் அந்தக் குழல் பேசும். பெண்ணால் முடியுமா என்று கேட்டவர்கள் கேட்டபடி இருக்க, காலிஷாபி சிறு வயதில் தகப்பனிடமே சீவாளியைப் பிடிக்கக் கற்றார். பின்பு கணவரோடு சேர்ந்து மேடையேறினார். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது இருவருக்கும் கிடைத்தது. இருவரும் சேர்ந்து வாசித்த பதிவு எங்காவது கிடைத்தால் கண்ணை மூடிக் கொண்டு கேளுங்கள். எது கணவரின் குழல், எது மனைவியின் குழல் என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்.